ஒரு சர்வே எண், ஒரு தெரு

நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர் அறிவிப்புகளுக்கும் பெயர் மாற்ற விளம்பரங்களுக்கும் நடுவே, அவ்வப்போது ஒரு சிறு கட்டம் வரும். இன்ன கிராமம், இன்ன சர்வே எண், இத்தனை சதுர மீட்டர். குடியிருப்புப் பயன்பாட்டிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கு வகை மாற்ற உத்தேசம். ஆட்சேபணை உள்ளவர்கள் கெடுவுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். சென்னைப் பெருநகர்ப் பகுதியில், 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டத்தில் செய்யப்படும் திருத்தம் இது. சட்டத்தின் கண்ணுக்கு மாறுவது ஒரே ஒரு மனை. அந்தக் கட்டம் வெளியான நாளில் தெருவில் எத்தனை வீடுகளுக்கு விஷயம் தெரிந்திருக்கும் என்பது வேறு கேள்வி. தெரிந்து நாலு பேர் சேர்ந்து மனு எழுதினால் அவர்களுக்கு உடனே ஒரு பெயர் சூட்டப்படுகிறது: வளர்ச்சிக்கு எதிரானவர்கள், தங்கள் தெரு மட்டும் நன்றாக இருந்தால் போதும் என்பவர்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் பொருந்தாது என்பதே என் வாதம். தனித்தனி மனைக்குத் தரப்படும் வணிக வகை மாற்றம் ஒருவருடைய நிலத்தின் மதிப்பைக் கூட்டுகிறது. அதற்கான செலவை அந்த முடிவில் பங்கே இல்லாத அக்கம்பக்கத்தார் தலையில் ஏற்றுகிறது. அதை எதிர்ப்பவர்கள் தங்கள் வசதியோடு சேர்த்து ஒரு பொதுக் கணக்கையும் காக்கிறார்கள். எந்தக் காரணத்தைச் சொல்லி எதிர்க்கிறார்கள் என்ற இடத்தில்தான் நியாயமும் அநியாயமும் பிரிகின்றன.

பொதுக் கணக்கு என்று சொன்னதை விளக்க வேண்டும். முழுமைத் திட்டத்தை வண்ணம் தீட்டிய வரைபடமாகவே பலரும் அறிவார்கள். ஒரு பகுதி குடியிருப்பு, இன்னொன்று வணிகம், மற்றொன்று தொழிற்சாலை என்று பிரிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு அகலச் சாலை, எவ்வளவு குடிநீர், எந்த அளவுக் கழிவுநீர்க் குழாய், தீயணைப்பு வண்டி எந்த வழியாக நுழையும் என்ற அனுமானங்களும் உள்ளே வந்துவிடுகின்றன. அந்த வகையில் அது ஒரு கணக்கேடு. சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் 1972இல் தற்காலிக அமைப்பாகத் தொடங்கி 1974இல் சட்டபூர்வ அமைப்பானது. முதல் முழுமைத் திட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது திட்டம் வர 2008 செப்டம்பர் ஆயிற்று. 1,189 சதுர கி.மீ. பரப்புக்கு, 2026ஐ இலக்கு ஆண்டாகக் கொண்டு அது வகுக்கப்பட்டது. இடையில் கழிந்த 32 ஆண்டுகளில் நகரம் பல மடங்கு பெருத்தது. கணக்கேடு பழையதாகவே கிடந்தது. திட்டம் பதில் சொல்லாத இடத்தில் விலக்கும் வகை மாற்றமும் பதில் சொல்லத் தொடங்கின. தனி மனை மாற்றம் ஒரு வழக்கமாகவே ஆனதற்கு இந்த நீண்ட இடைவெளி ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு தவறான புரிதலை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். குடியிருப்புப் பகுதி என்றால் அங்கே கடையே கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை. தெருமுனை மளிகைக் கடை, பால் பூத், சைக்கிள் பழுது பார்க்கும் இடம், ஒற்றை ஆள் தையல் கடை, வீட்டின் முன்னறையில் டாக்டரோ வக்கீலோ உட்காரும் அறை ஆகியவற்றை முதன்மைக் குடியிருப்புப் பகுதியிலேயே விதிகள் அனுமதிக்கின்றன. அதற்கு அடுத்த படியாகக் கலப்புக் குடியிருப்பு என்று ஒரு தனி வகை இருக்கிறது. ஆகவே வகை மாற்ற விண்ணப்பம் வருகிறது என்றாலே, இந்த இரண்டு வகைகளும் இடம் தராத ஏதோ ஒன்று அங்கே வரப்போகிறது என்று பொருள்: பல மாடி ஜவுளிக் கடை, வணிக வளாகம், கிடங்கு. எதிர்ப்பாளர்களைப் பற்றிப் பேசும்போது பெட்டிக்கடையைக் காட்டி இரக்கம் தேடுவது விவாதத்தைத் திசைதிருப்பும் வேலை.

பெரிய கட்டடம் ஒன்று குடியிருப்புத் தெருவில் வந்தால் என்ன ஆகிறது? 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளே இதற்கு மறைமுகமாக விடை சொல்கின்றன. மனைப் பரப்போடு ஒப்பிட்டு எத்தனை மடங்கு கட்டலாம் என்ற தளப் பரப்புக் குறியீடு சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5இலிருந்து 2 ஆக உயர்ந்தது. அதற்கு மேல் கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் பரப்பு சாலை அகலத்தோடு கட்டப்பட்டிருக்கிறது: 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50 சதவீதம், 12 முதல் 18 மீட்டர் என்றால் 40, 9 முதல் 12 என்றால் 30. கட்டடத்தின் பாரத்தைத் தாங்க வேண்டியது சாலை என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் இந்த விதி கட்டடத்தின் அளவை மட்டும் பார்க்கிறது. அதற்குள் வந்து போகிற கூட்டத்தைப் பார்ப்பதில்லை. இருபது வீடுகள் கொண்ட அடுக்ககத்துக்கும் அதே பரப்புள்ள துணிக்கடைக்கும் தெரு ஒன்றுதான், வரத்து ஒன்றல்ல. அடுக்ககத்தில் இருப்பவர்கள் காலையில் போய் மாலையில் திரும்புகிறார்கள். கடைக்கு நாள் முழுக்க ஆள் வருகிறார்கள், ஆடியிலும் தீபாவளிக்கும் பல மடங்காக வருகிறார்கள், சரக்கு இறக்கும் லோடு வண்டிகள் விடியுமுன்பே வந்து நிற்கின்றன. ஏசிக்கும் மின்தூக்கிக்கும் ஜெனரேட்டர் ஓடுகிறது. தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறு போடப்படுகிறது, போதாததற்கு டேங்கர் லாரி வருகிறது. வீடுகளுக்கென்று பதித்த கழிவுநீர்க் குழாயில் கடையின் பொதுக் கழிப்பறையும் உணவகச் சமையலறையும் சேர்கின்றன. மழை பெய்யாத நாளிலும் மேன்ஹோல் மூடி வழியாக நீர் பொங்குகிறது. வரைபடத்தில் ஒரு சர்வே எண்ணின் நிறம் மாறுகிறது. பூமிக்கடியில் இருக்கும் குழாயின் விட்டம் மாறுவதில்லை.

இதற்குத் தியாகராய நகரைவிடத் தெளிவான சான்று சென்னையில் இல்லை. 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்துக்குப் பின், நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில், மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து 1923 முதல் உருவான குடியிருப்பு அது. நடுவில் பனகல் பூங்கா, அதைச் சுற்றிப் பிரியும் சாலைகள், தோட்டத்தோடு கூடிய தனி வீடுகள் என்று திட்டமிட்டு அமைத்தார்கள். பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியிருக்கும் அந்த நகரைத் தென்னிந்தியாவின் மாபெரும் சந்தையாக்க வேண்டும் என்று எந்தத் திட்டக் குழுவும் ஒரு நாளும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து உஸ்மான் சாலைக்குப் போகும் குறுகிய ரங்கநாதன் தெருவில் முதலில் பாத்திரக் கடைகளும் காய்கறியும் வந்தன; பிறகு ஒரு வீடு கடையானது, பக்கத்து வீட்டுக்காரர் இரைச்சல் தாங்காமல் விற்றார், அதுவும் கடையானது. ஒவ்வொரு மாற்றமும் முந்தைய மாற்றத்தையே நியாயமாகக் காட்டியது. தெரு ஏற்கெனவே வணிகமாகிவிட்டதே, இந்த ஒரு மனைக்கு மட்டும் ஏன் மறுப்பு என்ற கேள்விக்கு எந்த அதிகாரியாலும் பதில் சொல்ல முடியாது. தனி மனை மாற்றத்தின் மிகப் பெரிய ஆபத்து இதுவே. முதல் அனுமதி தானே அடுத்த அனுமதிக்கு ஆதாரமாகிவிடுகிறது.

விளைவை நெரிசல் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடக் கூடாது. 2008 செப்டம்பர் 1 அன்று ரங்கநாதன் தெருவிலிருந்த பெரிய கடை ஒன்றில் தீப்பிடித்து, அங்கே வேலை பார்த்த இருவர் இறந்தார்கள். 2017 மே 31 அதிகாலையில் உஸ்மான் சாலையில் ஒரு ஏழு மாடி ஜவுளிக் கடையில் பிடித்த தீ ஒரு நாளைக்கும் மேலாக எரிந்தது. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்தது. மிஞ்சியதை இயந்திரம் வைத்து இடித்தே தீர வேண்டியிருந்தது. அந்த இடிப்பு வேலையிலும் ஓர் உயிர் போயிற்று. தீ எரிந்த நேரத்தில் பின்புறத் தெருக்களில் குடியிருந்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேற வேண்டியிருந்தது. கடைக்காரர் காப்பீடு எடுத்திருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம் புகையில் விழித்தெழுந்த குடும்பத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடும் கிடையாது. அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்வதாக அவர்கள் யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கவும் இல்லை. 2021 நவம்பர் மழையில் தி.நகரின் தெருக்கள் நீரில் நின்றபோது, ஏரியின் மடியில் எழுந்த ஊர், திறந்த மண் ஏறக்குறைய இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது இன்னொரு முறை தெரிந்தது. 2019இல் அதே தி.நகரின் பாண்டி பஜாரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம் உண்மையிலேயே நல்ல காரியம். ஆனாலும் தனி மனை லாபத்தால் சேர்ந்த நெரிசலைப் பல பத்தாண்டு கழித்து அவிழ்க்கப் பொதுப்பணம் செலவாயிற்று என்பதையும் கணக்கில் எழுதியே ஆக வேண்டும்.

சட்டம் இதைத் தடுத்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். தடுக்கும் சட்டமும் தளர்த்தும் சட்டமும் அடுத்தடுத்த பக்கங்களில் அச்சாகியிருக்கின்றன. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆவது பிரிவு, எந்தக் கட்டடத்துக்கும் விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. அதோடு சேர்க்கப்பட்ட 113-ஏ, 1999 பிப்ரவரி 28க்குள் முடிந்த விதிமீறல் கட்டடங்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்ய வழி திறந்தது. சென்னையிலிருந்து இயங்கிய நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் இதை எதிர்த்து வழக்காடியது. 2000இல் உச்ச நீதிமன்றம், ஒரே ஒரு முறை மட்டும் எடுக்கும் நடவடிக்கை என்ற அளவில் அந்தப் பிரிவை ஏற்றுக்கொண்டது. ஒரே முறை என்ற சொல்லுக்கு ஆயுள் குறைவாகவே இருந்தது. கெடு ஆண்டுக்காண்டு நகர்ந்து 2002 வரை வந்தது. 2006 ஆகஸ்டில் தலைமை நீதிபதி ஏ.பி.ஷா, நீதிபதி கே.சந்துரு ஆகியோர் கொண்ட சென்னை உயர் நீதிமன்ற அமர்வு அந்த நீட்டிப்புகளைச் செல்லாது என்று அறிவித்து, விதிமீறல்களைக் கவனிக்கக் கண்காணிப்புக் குழு ஒன்றையும் அமைக்கச் சொன்னது. 2011 அக்டோபர் இறுதியில் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் கடைகளுக்குச் சீல் வைக்கப்பட்டது. 2012 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் அவை திறந்தன. பிறகு 113-சி வந்தது. 2007 ஜூலை 1 வரை எழுந்த கட்டடங்கள் அதன் கீழ் விலக்குக் கோரலாம் என்றாயிற்று. இந்த வரலாற்றைத் தொடர்ந்து படிப்பவருக்கு ஒன்று விளங்கும்: கட்டடம் எழுந்த பிறகு நடக்கிற எந்தச் சண்டையும் குடியிருப்போர் ஜெயிக்கிற சண்டையாக இருந்ததில்லை. முதலீடு போடப்பட்டுவிட்டது, ஆயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள், இனி இடிப்பது எப்படி என்ற கேள்விக்கு முன்னால் நீதிமன்றமே தயங்குகிறது. ஆட்சேபணைக்குப் பலம் இருப்பது வகை மாற்ற அறிவிப்பின் அந்தச் சில வாரங்களில் மட்டுமே.

தில்லியின் அனுபவம் இதைவிடக் கசப்பானது. 2006 பிப்ரவரியில், எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில், குடியிருப்புப் பகுதிகளில் விதிமீறி நடக்கும் கடைகளுக்குச் சீல் வைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பல பத்தாண்டு கண்டும் காணாமலும் விட்டதன் வினை ஒரே கோடையில் இறங்கியது. வியாபாரிகள் தெருவுக்கு வந்தார்கள். செப்டம்பரில் சீலம்பூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாடாளுமன்றம் ஓராண்டுக்கென்று ஒரு பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. அந்த ஓராண்டு வெவ்வேறு சட்டப் பெயர்களில் நீண்டு, கடைசியாக 2023இல் செய்த திருத்தத்தால் 2026 டிசம்பர் 31 வரை போயிருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சாலைகள் ஒரே அறிவிப்பில் வணிகத்துக்கோ கலப்புப் பயன்பாட்டுக்கோ திறந்துவிடப்பட்டன. சீல் வைத்ததால் கெட்டது சிறு கடைக்காரர். அறிவிப்பால் கெட்டது வீட்டில் இருந்தவர். இருவரையும் இந்த நிலைக்குக் கொண்டுவந்தது, ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டிய முடிவைச் சொல்லாமல் விட்ட நிர்வாகம். ஆரம்பத்திலேயே எதிர்க்கும் குடியிருப்போர் சங்கம், பின்னால் வரப்போகும் கடைக்காரருக்கும்கூட ஒருவகையில் நன்மை செய்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

எதிர்ப்பவர்களுக்கு வழக்காடும் உரிமையாவது உண்டா என்பது ஒரு காலத்தில் தீராத கேள்வி. பெங்களூரில் ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பொதுப் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடம், 1976இல் முதலமைச்சர் மட்டத்து உத்தரவின் தொடர்ச்சியாகத் தனியார் மருத்துவ அறக்கட்டளை ஒன்றுக்கு நர்ஸிங் ஹோம் கட்டத் தரப்பட்டது. அங்கே குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உங்கள் சொத்து எதுவும் பறிபோகவில்லையே, பின் உங்களுக்கு என்ன பாத்தியதை என்று எதிர்த்தரப்பு கேட்டது. மருத்துவமனையும் மக்களுக்கான வசதிதானே என்றும் வாதிட்டது. 1991இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. திட்டத்தில் ஒதுக்கிய திறந்தவெளியை நம்பி அங்கே வாழ்பவர்களுக்கு அதைக் காக்கக் கேட்கும் உரிமை உண்டு. ஒரு வசதியின் இடத்தில் வேறொரு வசதியை வைத்து ஈடு செய்துவிட முடியாது. சட்டம் வகுத்த வழியை விட்டு மேலிருந்து வரும் உத்தரவால் திட்டத்தை மாற்றக் கூடாது. இந்தத் தீர்ப்பு பூங்காவைப் பற்றியது, கடையைப் பற்றியதல்ல. ஆனால் அதன் அடியில் ஓடும் எண்ணம் நம் கேள்விக்கும் சேர்கிறது. திட்டம் என்பது அரசு குடிமக்களுக்குக் கொடுத்த வாக்கு. அந்த வாக்கை நம்பி ஒருவர் ஆயுள் சேமிப்பைப் போட்டு வீடு வாங்கியிருக்கிறார். அவருக்குத் தெரியாமல் அதைத் திருத்துவது ஒருதலைப்பட்சமான செயல்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது மனைச் சொந்தக்காரரின் உரிமை. என் நிலம், நான் என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்ற குரலுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1926இலேயே முகம் கொடுத்தது. ஓஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற சிற்றூரில் 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்லர் ரியல்டி நிறுவனம், தொழிற்சாலைக்கு விற்றால் ஏக்கர் 10,000 டாலர் போகும் நிலம் குடியிருப்பு என்று வரையறுத்ததால் 2,500 டாலர்தான் போகும் என்று முறையிட்டது. நீதிமன்றம் ஊரின் வரையறையையே நிலைநிறுத்தியது. அந்த இரண்டு விலைகளுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். குடியிருப்பு மனை வணிக மனையாகும் நாளில் சொந்தக்காரருக்குச் சேரும் பணம் அவர் உழைப்பால் வந்ததல்ல. சுற்றிலும் மற்றவர்கள் குடியிருப்பு விதியை மதித்து அமைதியாக வைத்திருக்கும் தெருவில், அவர் ஒருவருக்கு மட்டும் விதி தளர்ந்ததால் வந்தது. எல்லோருக்கும் சேர்ந்து தளர்ந்திருந்தால் அந்த விலையே கிடைத்திருக்காது. தமிழ்நாட்டில் உள்கட்டமைப்பு, அடிப்படை வசதிக் கட்டணம் வசூலிக்கப்படுகிறது. ஆனால் அந்தத் தொகை அதே தெருவின் குழாய்க்கும் சாலைக்கும் திரும்பி வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இரண்டாவது மறுப்பு கனமானது. வீடு ஒரு பக்கம், கடை ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று பிரித்து வைத்த நகரங்கள் செத்துப்போகின்றன. கலந்த தெருக்களே உயிரோடு இருக்கின்றன என்று எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் எழுதியது உலகெங்கும் நகரமைப்புச் சிந்தனையைப் புரட்டிப் போட்டது. நம் ஊருக்கு இதை யாரும் வந்து கற்பிக்க வேண்டியதே இல்லை. மயிலாப்பூர் மாட வீதிகளும் மதுரையின் மாசி வீதிகளும் கலந்து வாழ்ந்த தெருக்கள்தாம். கலப்பு நல்லது என்பதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜேக்கப்ஸை வகை மாற்றத்துக்குச் சாட்சியாக அழைப்பவர்கள் அவருடைய புத்தகத்தில் ஒரு பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பயன்பாட்டின் வகையால் தெரு கெடுவது அரிது, அளவால் கெடுவதே அதிகம் என்று அவர் வாதிட்டார். சிறு சிறு முகப்புகள் கொண்ட தெருவில் மிகப் பெரிய ஒற்றைப் பயன்பாடு வந்து உட்கார்ந்தால் அது தெருவையே சிதைக்கும் என்றார். ஒரு நிறுவனம் எத்தனை அடி தெருமுகப்பை எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு வைக்கவும் யோசனை சொன்னார். மாட வீதியில் கீழே கடை, மேலே வீடு. கடைக்காரரின் குழந்தைகள் அதே தெருவில் தூங்கினார்கள். சத்தமும் குப்பையும் அவரையும் சேர்த்தே தொந்தரவு செய்தன. இரவு ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு முதலாளி வேறு பேட்டைக்குப் போய்விடும் ஏழு மாடிக் கட்டடத்தைக் கலப்பு என்ற சொல்லால் அழைப்பது அந்தச் சொல்லுக்கு இழைக்கும் தவறு. சொல்லப்போனால் அங்கே நடப்பது கலப்புக்கு நேர் எதிரானது. ரங்கநாதன் தெருவில் கடைசியில் கலந்து நின்றது எதுவும் இல்லை. வீடுகள் போய்விட்டன, வணிகம் ஒன்றே மிஞ்சியது.

மூன்றாவது மறுப்பு மனசாட்சியைத் தொடுவது. குடியிருப்புப் பகுதியைக் காக்கிறோம் என்ற பெயரில் வசதியுள்ளவர்கள் ஏழைகளை வெளியே நிறுத்திய வரலாறு நிஜமானது. மேலே சொன்ன யூக்ளிட் தீர்ப்பே அடுக்ககங்களைத் தனி வீட்டுப் பகுதியின் ஒட்டுண்ணி என்ற பொருளில் பேசியது. அந்தச் சிந்தனை பிறகு அமெரிக்கப் புறநகர்களில் வாடகைதாரர்களையும் கறுப்பின மக்களையும் தள்ளி வைக்கும் கருவியாயிற்று. நம் ஊரிலும் தள்ளுவண்டி வைத்திருப்பவரை, இஸ்திரி போடுபவரை, அரசு மருத்துவ நிலையத்தை, குடிசை மாற்று வாரியக் குடியிருப்பை எதிர்த்துச் சங்கங்கள் மனு எழுதியதில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அத்தகைய மனுக்களை நான் ஆதரிக்கவில்லை. அவற்றை எழுதுபவர்கள் வணிக வகை மாற்றத்தை எதிர்க்கும் நியாயத்தையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள். யார் வரக் கூடாது என்று கேட்கும் மனு வேறு, எவ்வளவு பாரம் இந்தத் தெரு தாங்கும் என்று கேட்கும் மனு வேறு. முதலாவதில் ஆட்களின் பெயரும் தரமும் இருக்கும். இரண்டாவதில் மீட்டரும் லிட்டரும் இருக்கும். தவிரவும், நிலம் வணிகமாகிற தெருவிலிருந்து முதலில் வெளியேறுவது பங்களாக்காரர் அல்ல, பின்கட்டில் வாடகைக்கு இருப்பவர். சொந்தக்காரருக்கு நல்ல விலை கிடைக்கிறது. வாடகைக் குடித்தனத்துக்குக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் கிடைக்கிறது.

வேலைவாய்ப்பு என்ற மறுப்பைச் சுருக்கமாகவே சொல்லலாம். கடைகள் வேண்டும், வேலைகள் வேண்டும். அவை எங்கே என்பதே கேள்வி. வணிகத்துக்கென்று ஒதுக்கிய நிலமும், அகலச் சாலைகளும், கட்டப்பட்டுவரும் இரண்டாம் கட்ட மெட்ரோ வழித்தடங்களும் இருக்கும்போது, ஒன்பது மீட்டர் தெருவில் ஒரு மனையை மாற்றித்தான் வேலை உண்டாக்க வேண்டும் என்பதற்கு விண்ணப்பதாரர் காரணம் காட்ட வேண்டும். அமெரிக்காவின் ஆரெகன் மாநில உச்ச நீதிமன்றம் 1973இல் ஃபசானோ வழக்கில் இந்தச் சுமையை இடம் மாற்றிப் போட்டது. ஒரு தனி மனைக்கான வகை மாற்றம் கொள்கை முடிவு போன்றதல்ல, தீர்ப்பு வழங்குவதைப் போன்றது; ஆகவே பொதுத் தேவை உண்டா, வேறு மனைகளைவிட இந்த மனையே அதற்குப் பொருத்தமா என்பதைக் கேட்பவரே நிரூபிக்க வேண்டும் என்றது. அதே நீதிமன்றம் பின்னாளில் இந்த நிபந்தனையின் கடுமையைத் தளர்த்தியது உண்மை. அந்த வழக்கில் தடுக்கப்பட்டது எளியவர்கள் தங்கும் நடமாடும் வீடுகளின் வளாகம் என்பதும் உறுத்துகிறது. முடிவை நான் கொண்டாடவில்லை. நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இன்று நம்மிடம் அந்தப் பொறுப்பு தலைகீழாக இருக்கிறது. வேலைக்குப் போகும் தம்பதியும் ஓய்வூதியக்காரரும், ஒரு நாளிதழ்க் கட்டத்தைத் தற்செயலாகப் பார்த்து, சில வாரங்களுக்குள் பொறியாளர் துணை இல்லாமல், தீமை வரும் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. லாபம் அடையப் போகிறவர் தீமை வராது என்று எதையும் காட்ட வேண்டியதில்லை.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் எல்லை 1,189இலிருந்து 5,904 சதுர கி.மீ. ஆக விரிந்தது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, ராணிப்பேட்டை மாவட்டங்களின் எத்தனையோ கிராமத் தெருக்கள் இனி இந்தக் கணக்கேட்டுக்குள் வருகின்றன. இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் முடிகிறது. 2046 வரைக்குமான மூன்றாவது திட்டம் தயாராகிறது. எந்தச் சாலை வணிகமாகலாம், எந்தத் தெரு கலப்பாகலாம், எது வீடுகளுக்கே இருக்க வேண்டும் என்பதைத் தெருவாக, வட்டாரமாக, குழாயும் வடிகாலும் போடும் செலவோடு சேர்த்து முடிவு செய்ய இது காலம். வட்டாரமே சேர்ந்து வணிகம் வேண்டும் என்று கேட்டால் கொடுக்கலாம். அப்போது சாலையும் அகலமாகும், லாபமும் ஒருவரிடம் குவியாது. அதற்குப் பிறகும் ஒரு தனி மனைக்கு மாற்றம் தேவைப்பட்டால், அறிவிப்பு நாளிதழின் உள்பக்கத்தோடு நிற்கக் கூடாது. அந்த மனையின் வாசலிலும் தெருவின் இரு முனைகளிலும் நல்ல தமிழில், படிக்கும் அளவு எழுத்தில் ஒட்டப்பட வேண்டும். சாலையின் அகலம் எத்தனை மீட்டர், நெருக்கடி நேரத்தில் எத்தனை வண்டி கூடுதலாக வரும், தண்ணீர் எங்கிருந்து எத்தனை லிட்டர் எடுக்கப்படும், கழிவுநீர் எந்தக் குழாயில் சேரும், தீயணைப்பு வண்டி எந்தப் பக்கமாக நுழையும் என்ற விவரங்கள் அந்தத் தாளில் விண்ணப்பதாரரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எதிர்வீட்டில் பத்தாம் வகுப்புக்குப் படிக்கும் பிள்ளை அதைப் படித்து, கூட்டிப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்லக்கூடிய கணக்காக அது இருந்தால் போதும்.